டேப்பின் மறுமுனை

மத்தியானம் பன்னிரண்டு மணி. பேய் என்றால் நடுராத்திரிதான் வரும் என்று நினைப்பவர்கள் இப்போதே எழுந்து போய் வண்டிக்கு அடியில் படுத்துக்கொள்ளலாம். இது உச்சி வெயிலில் நடந்தது. நைனார்பாளையத்துக்குத் தெற்கே ஏரிக்கரையை ஒட்டி ஒரு மண் ரோடு. இரண்டு பக்கமும் ஆளை மறைக்கிற மக்காச்சோளம். மேற்கே கல்வராயன் மலை வெயிலில் வெளிறிக் கிடந்தது. காற்று இல்லை. காக்கா இல்லை. ஒரே ஒரு ஆள்… தனியாக நடந்து போகிறார். கையில் ஒரு கவுளி வெற்றிலை, கொஞ்சம் பாக்கு, ஒரு பொட்டலம் பன்னீர்ப் புகையிலை.

இப்படித்தான் ஆரம்பித்தான் பழனி. கரும்பாலை வாசலில் அன்றைக்கு நாற்பது டிராக்டர் லோடோடு நின்றன. எடைமேடை வரிசை நகரவே இல்லை. பனி இறங்கிக்கொண்டிருந்தது. காய்ந்த தோகையைக் கொளுத்திவிட்டு ஐந்தாறு டிரைவர்கள் அதைச் சுற்றிக் குந்தியிருந்தார்கள்.

“டேய் சுபாஷு, இது உங்க மாமா கதைதான். நான் எங்கியாவது தப்பா சொன்னா திருத்து, இன்னா?” என்றான் பழனி.

சுபாஷ் தலையை மட்டும் ஆட்டினான். வலது கையில் துண்டைச் சுற்றி மடியில் வைத்திருந்தான். குளிருக்குச் சுற்றியிருக்கிறான் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். மேற்கொண்டு பழனி சொன்னது இதுதான்.

ரோட்டில் போனவர் ராஜாங்கம், சுபாஷின் தாய்மாமன். ஒரு ஏக்கர் நாற்பது சென்ட் நிலம். ரோட்டோரம் வீடு, வீட்டுக்குப் பின்னால் சோளம், சோளத்தின் கோடியில் கிணறு. அவருடைய அப்பா ராமசாமி கடப்பாரையால் பாறையை உடைத்து, ஒன்பது வருடம் தோண்டிய கிணறு. செத்த பிறகும் அவரை அந்தக் கிணற்றடியில், புங்க மரத்துக்குக் கீழேதான் புதைத்தார்கள்.

கிணற்றுக்கு அந்தப் பக்கம் காசிநாதன் நிலம். காசிநாதனுக்கு மரியாதை கொடுத்துப் பேசப் பழனிக்கு வாய் வரவில்லை. ஒவ்வொரு ஆடியிலும் வரப்பு வெட்டுகிறேன் என்று ஒரு மண்வெட்டி அகலம் தன் பக்கம் இழுத்துக்கொள்வான். தன் கொல்லையில் பிடுங்கின கோரையை இந்தப் பக்கம் வீசுவான். மருந்து அடித்த டப்பாவைக் கிணற்றில் முக்கிக் கழுவுவான். கேட்டால் சிரிப்பான். “மண்ணு இன்னா உங்கப்பன் கூடவே பொறந்ததா?” என்பான். அந்தச் சிரிப்புக்காகவே அவனை அறையலாம்.

இந்த வருடம் வரப்பு கிணற்றைத் தாண்டி வந்துவிட்டது. ஒரு நாள் விடிந்து பார்த்தால் கிணறு காசிநாதன் பக்கம். மோட்டார் கொட்டகைக்குப் புதுப் பூட்டு, சுற்றிலும் முள்கம்பி. கிணற்றுக்கு இந்தப் பக்கம் ஒரு கல்லை நட்டு வைத்து, இதுதான் சர்வே கல் என்கிறான். அந்தப் பக்கம் இருந்த பழைய கல்லைக் காணோம்.

இருபது நாள் தண்ணீர் இல்லை. கதிர் பால் பிடிக்கிற நேரம் அது. இலையெல்லாம் சுருண்டு சாம்பல் பூத்துவிட்டது. ராஜாங்கத்தின் மனைவி நிர்மலா தெருக் குழாயில் குடத்தில் பிடித்து வந்து செடி செடியாய் ஊற்றினாள். ஒரு ஏக்கருக்குக் குடத்துத் தண்ணீர்! அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க எந்த மனுஷனால் முடியும்? ஊரில் பெரிய ஆட்களிடம் போனார். “பக்கத்து நெலத்துக்காரன், வுட்டுக் குடுத்துப் போப்பா” என்றார்கள். அவர்கள் கிணற்றை எவனும் பூட்டவில்லையே. திங்கட்கிழமை கள்ளக்குறிச்சிக்குப் போய் மனு கொடுத்தார். வியாழக்கிழமை அளக்க வருவதாகச் சர்வேயர் சந்தியா போன் செய்தாள்.

“ஐயா, ரோட்டுக் கல்லுலேருந்து பின்னாடி கல்லு வரைக்கும் எழுபத்தெட்டு புள்ளி ரெண்டு மீட்டர்னு ரெக்கார்டு சொல்லுது. ஆனா கோடு எந்தப் பக்கம் சாயுதுன்னு தெரியணும். அதுக்குப் பழைய கல்லு வேணும். அது இருந்த எடம் தெரிஞ்சவங்க யாராச்சும் இருந்தா கூட்டிக்கினு வாங்க.”

தெரிந்தவர் ஊரில் ஒரே ஒருவர், பழைய தலையாரி பூமாலை. முன்பு அளந்தபோது சங்கிலி பிடித்தவர். அவருக்குக் காசிநாதன் வீட்டில்தான் காலைக் காபி. “ஞாபகமே வர மாட்டேங்குதுப்பா” என்று சொல்லிவிட்டார்.

இன்னொருவருக்கும் தெரியும். அவர் செத்து ஆறு வருடம் ஆகிறது.

அதனால்தான் அந்த உச்சி வெயிலில் வெற்றிலைப் பாக்கோடு நடந்து போனார் ராஜாங்கம். முள்கம்பியை விலக்கிக்கொண்டு நுழைந்தார். சட்டை கிழிந்தது, முதுகு கிழிந்தது. புங்க மரத்தடியில் வெற்றிலைப் பாக்கை வைத்தார். எங்கள் பக்கம் ஆளை வேலைக்கு அழைக்கிற மாதிரியே வைத்தார். புகையிலைப் பொட்டலத்தைப் பிரித்து மேலே வைத்தார்.

“யப்பா… ஊர்ல ஒருத்தனும் வாயத் தொறக்க மாட்றான். கல்லு எங்க இருந்திச்சின்னு உனக்குத்தான் தெரியும். நாளைக்கி அளக்க வராங்க. டேப்பப் புடிக்க எனக்கு ஆளே இல்லப்பா. நீயே வந்து புடி.”

சொல்லிவிட்டு அழுதார். நாற்பத்தெட்டு வயது ஆள், சின்னப் பிள்ளை மாதிரி மண்ணில் நெற்றியை வைத்து அழுதார். கிணற்றுக்குள் எதுவோ விழுந்தது. தளக்… அவ்வளவுதான்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். கூலிக்கு நிலத்தில் இறங்கினவரை, அழைத்தவர் வாயைத் திறந்து ‘கரையேறுங்க’ என்று சொன்னால்தான் அன்றைய வேலை முடியும். அதுவரைக்கும் யாரும் மண்வெட்டியைக் கழுவ மாட்டார்கள். ராமசாமி இதில் பெரிய பிடிவாதக்காரர். ஒரு தடவை நிலத்துக்காரர் சொல்ல மறந்து கல்யாணத்துக்குப் போய்விட்டார். இருட்டின பிறகு திரும்பி வந்து பார்த்தால் ராமசாமி இன்னும் கொத்திக்கொண்டிருக்கிறார்… அடுத்த ஆளின் நிலத்தை! இதைச் சொல்லிச் சொல்லி ஊரே சிரிக்கும்.

வியாழக்கிழமை. மணி பதினொன்றரை. சந்தியா வந்தாள், சின்னப் பெண், வெயிலுக்குத் தலையில் துப்பட்டாவைச் சுற்றியிருந்தாள். நூறு மீட்டர் டேப். ஒரு வட்டப் பெட்டி, அதற்குள் சுருட்டின நாடா, நுனியில் பித்தளை வளையம். பெட்டியில் பிடி இருக்கும், சுற்றினால் நாடா உள்ளே போகும். முழுசும் போய் வளையம் பெட்டியில் இடித்தால் ‘டக்’ என்று ஒரு சத்தம். மிச்சம் எதுவும் இல்லை என்று அர்த்தம்.

ரோட்டுக் கல்லில் பெட்டியோடு சந்தியா நின்றாள். வளையத்தை எடுத்துக்கொண்டு நடந்தவர் பூமாலை. ராஜாங்கத்தின் வீட்டு வாசற்படியைத் தாண்டும்போது எட்டு மீட்டர். வாடிய சோளத்துக்குள் நுழைந்து, காசிநாதன் நட்ட கல்லில் போய் நின்றார். அதற்கு அப்பால் காசிநாதனுடைய சோளம், நம் கிணற்றுத் தண்ணீர் குடித்துக் கறுகறுவென்று நின்றது.

“எழுபத்தொண்ணு. ரெக்கார்டோட ஒத்து வரல. வேற கல்லு இருக்கா?” என்றாள் சந்தியா.

காசிநாதன் சிரித்தான். “இருந்தாத்தானே மேடம் காட்டுவான்?”

ராஜாங்கம் புங்க மரத்துப் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றார். அவள் இன்னும் ஒரு தடவை கேட்டாள். பூமாலை வளையத்தைக் கீழே போட்டுவிட்டு வெளியே வந்து துண்டால் முகத்தைத் துடைத்தார். அவள் நாடாவைச் சுற்ற ஆரம்பித்தாள்.

சுற்ற வரவில்லை.

இழுத்தாள். அந்தப் பக்கத்திலிருந்து யாரோ இழுத்தார்கள். சர்ர்ர்… நாடா தானாகப் போகிறது. எழுபத்திரண்டு… எழுபத்து நாலு… சோளத் தட்டைகள் ஒவ்வொன்றாக விலகுவது தெரிகிறது. விலக்குகிற ஆளைத் தெரியவில்லை. எழுபத்தெட்டு புள்ளி இரண்டு. நின்றது. விண்ணென்று விறைத்தது.

“புடிச்சிட்டேன்” என்று ஒரு குரல்.

கட்டைக் குரல். புகையிலை அடக்கின வாயிலிருந்து வருகிற மாதிரி கொழகொழவென்று வந்தது. காற்றே இல்லாத வெயிலில் பன்னீர்ப் புகையிலை வாசனை வந்தது.

“உங்க ஆளாய்யா?” என்று கேட்டாள் சந்தியா. அவளுக்கு என்ன தெரியும், பாவம்.

“ஆமாங்க” என்றார் ராஜாங்கம்.

பூமாலை ரோட்டோடு நடந்து போனவர்தான், திரும்பியே பார்க்கவில்லை. காசிநாதன் சிரிக்கவில்லை. அந்தக் குரலோடு இருபது வருடம் சண்டை போட்டவன் அல்லவா? சந்தியா உள்ளே போய்ப் பார்த்தாள். பழைய கல் மண்ணுக்கு வெளியே நின்றது. சுற்றிலும் ஈர மண், கையால் பறித்த மண். அதில் பத்து நகக் கீறல். பித்தளை வளையம் கல்லின் மேல் ஒட்டின மாதிரி இருந்தது. ஆள் இல்லை. வெளியே வந்து எழுதினாள். கிணறு ராஜாங்கத்துக்கு. காசிநாதன் கையெழுத்துப் போட்டான்.

டேப்பை எடுக்கப் பார்த்தார்கள். வரவில்லை. “நாளைக்கி ஆள் அனுப்புறேன்” என்று பெட்டியை ரோட்டுக் கல்லிலேயே மாட்டிவிட்டு வண்டியைக் கிளப்பினாள். இன்று வரை ஆள் வரவில்லை.

அன்று சாயங்காலம் மோட்டார் ஓடியது. நிர்மலா வாய்க்காலில் காலை வைத்துக்கொண்டு சிரித்தாள். ராஜாங்கம் சோளத்துக்கு நடுவில் அழுதார், சிரித்தார். அந்தச் சந்தோஷத்தில், சொல்ல வேண்டிய அந்த ஒரு வார்த்தையை மறந்துவிட்டார்.

மறுநாள் உச்சிப் பொழுது. சர்ர்ர்… எழுபத்தொன்பது. கல் கிட்டத்தட்ட ஒரு மீட்டர் அந்தப் பக்கம் நகர்ந்து நின்றது. அதற்கு மறுநாள் எண்பது. ராஜாங்கத்துக்கு அப்போதுதான் உறைத்தது, அப்பா இன்னும் வேலையில் இருக்கிறார் என்று. ஒரு வார்த்தை சொன்னால் முடிந்துவிடும். வரப்பு வரைக்கும் போனார். எதிரே காசிநாதன் தன் சோளத்தைப் பார்த்துக்கொண்டு மூஞ்சி வெளுத்து நின்றான். அந்த மூஞ்சியைப் பார்த்ததும் ராஜாங்கத்துக்கு இருபது நாள் குடம் சுமந்த நிர்மலாவின் தோள் ஞாபகம் வந்தது. பேசாமல் திரும்பி வந்துவிட்டார். அவரைத் தப்பு சொல்ல எனக்கு மனசு வராது என்றான் பழனி. நானாக இருந்தாலும் திரும்பித்தான் வந்திருப்பேன் என்றான்.

எண்பத்து மூன்று. எண்பத்தெட்டு. காசிநாதன் கல்லைப் பிடுங்கி ஏரியில் போட்டுப் பார்த்தான். மத்தியானம் அது ஈரத்தோடு திரும்பி வந்து நின்றது. தொண்ணூற்று மூன்றில் அவன் களத்து வீட்டு முற்றம். தொண்ணூற்று ஆறில் அவன் கட்டில். கட்டிலுக்குத் தலைமாட்டில், சிமெண்டுத் தரையைப் பிளந்துகொண்டு கல் நின்றது. வீடு முழுக்கப் புகையிலை வாசனை.

அன்றைக்குத்தான் காசிநாதன் ராஜாங்கத்தின் வாசலுக்கு வந்தான். துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு வந்தான்.

“ராஜாங்கம்… உங்கப்பனக் கரையேறச் சொல்லுப்பா. மூணு நாளா தூக்கம் இல்ல. கெணறும் உனுது, பறிச்ச மண்ணும் உனுது. எல்லாத்தியும் எழுதிக் குடுத்துர்றேன்.”

“நாளைக்கிச் சொல்றண்ணே” என்றார் ராஜாங்கம்.

நிர்மலா உள்ளேயிருந்து, “இப்பவே சொல்லிடுங்க, பாவம்” என்றாள். அவர் கேட்கவில்லை. ஒரே ஒரு ராத்திரி அவனும் தவிக்கட்டுமே என்று நினைத்தார். அவ்வளவுதான் நினைத்தார்.

மறுநாள் மத்தியானம் காசிநாதன் செத்துக் கிடந்தார். ஆமாம், செத்த பிறகு பழனியும் ‘அவர்’ என்றுதான் சொன்னான். கட்டிலிலிருந்து பாதி விழுந்து, வலது கை நீட்டினபடி கிடந்தார். விரல்கள் இறுக மூடியிருந்தன. கைக்குள் அந்தப் பித்தளை வளையம். நாலு பேர் சேர்ந்து பிரித்தும் விரல் பிரியவில்லை. வளையத்தைக் கையோடு விட்டு, நாடாவை அங்கேயே அறுத்து, அவரையும் அவர் நிலத்திலேயே வரப்போரம் புதைத்தார்கள்.

ராஜாங்கம் ஓடினார். புங்க மரத்தடியில் விழுந்து, “யப்பா, போதும்ப்பா, கரையேறு!” என்று கத்தினார். சோளம் சலசலத்தது. வரப்பில் யாரோ காலை ஊன்றி ஏறுகிற சத்தம். புகையிலை வாசனை அவர் தோளை உரசிக்கொண்டு போய் மரத்தடியில் அடங்கியது. அப்பாடா என்று உட்கார்ந்தார்.

மறுநாள் உச்சிப் பொழுது… அறுந்து கிடந்த நாடா விண்ணென்று விறைத்தது.

“புடிச்சிட்டேன்.”

இது அப்பாவின் குரல் இல்லை. இந்தக் குரலுக்குப் பின்னால் ஒரு சிரிப்பு இருந்தது.

கரையேறு என்று சொல்லிப் பார்த்தார் ராஜாங்கம். நூறு தடவை சொன்னார். ஆனால் வெற்றிலைப் பாக்கு வைத்துக் கூப்பிட்டவர்தானே கரையேற்ற முடியும்? காசிநாதனை வேலைக்குக் கூப்பிட்டவர் யார்? ஒருவரும் இல்லை.

அன்று முதல் அளவு இந்தப் பக்கம் வர ஆரம்பித்தது. எழுபத்தெட்டு. எழுபத்தொன்று. கிணறு போனது. அரிவாளால் நாடாவை அறுத்தார் ராஜாங்கம். அறுத்த இடத்திலிருந்து பிடித்துக்கொண்டது, அத்தனை மீட்டரும் ஒரே நாளில் போனது. பிறகு ஒரு வழி கண்டுபிடித்தார்கள். உச்சிப் பொழுதில் யாராவது ரோட்டுக் கல்லில் நின்று நாடாவைத் தொய்யாமல் இழுத்துப் பிடிக்க வேண்டும். பிடித்தால் ஒரு சாண் போகிறது, இரண்டு சாண் போகிறது. தொய்ந்தால்… அவ்வளவும் போகிறது. தொய்வு இருக்கிற வரைக்கும் அந்தப் பக்கத்து ஆள் முன்னே நடந்து வருகிறார்.

பழனி நிறுத்தினான். தோகை நெருப்பு அவிந்துபோயிருந்தது. யாரும் புதுத் தோகை போடவில்லை.

“அவ்ளோதாண்ணே எனக்குத் தெரிஞ்சது. மிச்சம் இவன்தான் சொல்லணும்” என்று சுபாஷைப் பார்த்தான்.

சுபாஷ் துண்டை அவிழ்த்தான். ஒருவர் போனில் வெளிச்சம் அடித்தார். உள்ளங்கைக்குக் குறுக்கே சிவப்பாக ஒரு பட்டை, நாடாவின் அகலத்துக்குச் சதை உள்ளே போயிருந்தது. அதன் நடுவில் ஒரு எண், கண்ணாடியில் தெரிகிற மாதிரி இடம் வலமாக மாறிப் பதிந்திருந்தது.

ஒன்பது.

“இது நேத்து மத்தியானம் புடிச்சது. வீட்டு வாசப்படி எட்டுல இருக்கு” என்றான் சுபாஷ். “மாமாவுக்குக் கை வெளங்காமப் போச்சி, படுத்துக்கினு இருக்காரு. நானும் அத்தையுந்தான் மாத்தி மாத்திப் புடிக்கிறோம். இன்னைக்கி கரும்பு ஏத்தச் சொல்லி ஆலைலேருந்து சொல்லிட்டாங்க. வேற வழியில்ல. நான் புடிச்சிக்கிறேன், நீ போய்ட்டு வாடான்னாங்க அத்த.”

“அப்புறம்?”

“மத்தியானத்துலேருந்து போன் அடிக்கிறேண்ணே. எடுக்கல.”

“இப்ப அடி” என்றான் பழனி. “ஸ்பீக்கர்ல போடு.”

போட்டான். மணி அடித்தது. நாலு… ஐந்து… ஆறு… எடுத்தார்கள்.

“அத்த?” என்றான் சுபாஷ். “அத்த, நான்தான்… மாமா எங்க?”

போனுக்குள் நாடா சுற்றுகிற சத்தம் மட்டும் கேட்டது. சர்ர்ர்ர்… நிதானமாக, அவசரமே இல்லாமல், யாரோ பிடியைச் சுற்றிக்கொண்டிருந்தார்கள். முழுசும் சுற்றினால் வந்து இடிக்க வேண்டியது, காசிநாதனின் கைக்குள்ளே புதைத்த அந்தப் பித்தளை வளையம்…

டக்.